காணாமல் போன ஓட்டை

கள்ளக்குறிச்சியில் சேலம் மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் ரவூப். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். வாசலில் நின்றபடியே, "பாய், பட்டி ஒரு மூட்ட போடு" என்பார்கள். பட்டி என்றால் பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசுகிற மாவு. எதற்கு என்று கேட்டால் சுவருக்கு என்பார்கள். எந்தச் சுவருக்கு என்று கேட்டால் போதும், நான் என்னவோ அவர்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்ட மாதிரி முகம் மாறிவிடும். எனக்கும் பொறுமை கம்மி. மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து ஊரில் பாதிச் சுவர் செங்கல்லே இல்லை. ஒரு பெரிய ஹாலை வாடகைக்குப் பிடித்து, இரும்புச் சட்டம் நிறுத்தி, ஜிப்சம் போர்டால் தடுத்து, இந்தப் பக்கம் ஸ்கேன் சென்டர், அந்தப் பக்கம் வக்கீல் ஆபீஸ் என்று ஆக்கிவிடுகிறார்கள். போர்டு என்றால் நடுவில் வெள்ளை மாவு, இரண்டு பக்கமும் தடித்த காகிதம். அதில் போய் மூன்று அங்குல ஆணியை அடித்து, கண்ணாடி போட்ட சாமி படத்தை மாட்டுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் சாமி தரையில் இருக்கும், சுவரில் ஓட்டை இருக்கும். உடனே ஓடி வந்து சிமெண்ட் பட்டி வாங்கிப் போய் அப்புவார்கள். சிமெண்ட் பட்டி அந்தக் காகிதத்தோடு சேராது. கொஞ்ச நாளில் ஓரம் தூக்கி, கோடு விட்டு, தகடு தகடாக உதிரும். அப்போது மட்டும் வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்து என்னிடம் சண்டை போடுவார்கள்.

அந்தச் சுவரின் இடுக்கையும் ஓட்டையையும் அடைக்கவென்றே ஜாயிண்ட் காம்பவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் இரண்டு ஜாதி. வாளியில் குழைத்து வருவது ஒன்று, பையில் தூளாக வருவது ஒன்று. வாளிச் சரக்கு காய்ந்தால்தான் இறுகும். அதற்கு நேரமும் காற்றும் வேண்டும். தூள் அப்படியில்லை. தண்ணீர் பட்டுவிட்டால் மழையோ பனியோ எதையும் பார்க்காமல் தன்பாட்டுக்கு இறுகிவிடும். எனக்கே இதெல்லாம் கம்பெனிக்காரன் வந்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்ன பிறகுதான் தெரியும். கலையரசிக்கு யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

கலையரசிக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் காசிநாதன் கரும்பு வெட்டுகிறவன். ஆலை ஓடுகிற நாளில் அதுதான் வேலை, மற்ற நாளில் கிடைத்த வேலை. கலையரசி கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தாள். கலவைச் சட்டி தூக்குவாள், மணல் சலிப்பாள். ஆனால் அவளுக்குப் பெருமையெல்லாம் தண்ணீர் காட்டுவதில்தான். பூசிய சுவருக்குக் காலையும் மாலையும் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் அடிப்பாள். "நான் தண்ணி காட்டின செவுத்துல ஒரு கோடு உட்டிருந்தா காட்டு பாய், என் காத அறுத்துக்கறேன்" என்பாள். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. அவள் பேசினால் எதிர்க் கடைக்காரன் எட்டிப் பார்ப்பான். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

அந்தத் தண்ணீர்தான் அவளைக் கவிழ்த்தது. இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிற தீனதயாளன் என்று ஒருவர் இருக்கிறார். சீலிங், தடுப்பு எல்லாம் ஊரில் அவர்தான். ஒரு ஜவுளிக்கடைக்கு ஜிப்சம் தடுப்பு போட்டார். சாமான் தூக்கக் கலையரசியைக் கூப்பிட்டிருந்தார். ஆட்கள் போர்டு மாட்டி, இடுக்கெல்லாம் பூசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்தவள் கலையரசி. வந்து பார்த்தால் புதுசாகப் பூசிய சுவர் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கிறது. அவளுக்குப் பதறிவிட்டது. சுவரை இப்படிக் காயப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களே, இவர்களெல்லாம் ஒரு மேஸ்திரியா என்று திட்டிக்கொண்டே மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பை எடுத்து, மேலிருந்து கீழாக ஓர் அங்குலம் விடாமல் நனைத்தாள். தீனதயாளன் வந்து சேர்ந்தபோது அந்தத் தடுப்பு ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கலையரசி பைப்பைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் காட்டணும்ணே" என்றாளாம்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவளுக்கு 'ஓஸ் பைப்பு' என்று பெயர் விழுந்துவிட்டது. டீக்கடையில், மினி பஸ்ஸில், எங்கே போனாலும் "ஓஸ் பைப்பு வருது, ஒதுங்கு" என்பார்கள். வேறொருத்தியாக இருந்தால் வேலையை விட்டுவிட்டுக் களைபறிக்கப் போயிருப்பாள். கலையரசி தீனதயாளனிடமே போய், "ஏன்ணே தண்ணி ஆவாதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா நீங்க?" என்று சண்டை பிடித்தாள். அவர் சொல்லவில்லைதான். அதனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஈரச் சட்டியைக்கூட போர்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவள் அந்த நாசமான போர்டில் ஊறாத துண்டுகளைப் பொறுக்கிக் கட்டி, பஸ் மேலே போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிறகு வேலை நடக்கிற இடங்களில் வெட்டிப் போட்ட துண்டுகளையும் கேட்டு வாங்கிப் போனாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை வீடு அது. அதில் ஒரு பக்கம் சவுக்குக் கம்பு நட்டு, அந்தத் துண்டுகளை அடித்துச் சுவர் மாதிரி நிறுத்தினாள். என் கடைக்கு வந்து கிழிந்த தூள் பை, மூடி உடைந்த வாளி எது இருந்தாலும் தூக்கிக்கொண்டு போவாள். ஓட்டையை அடைத்துப் பார்க்க வேண்டும் அவளுக்கு. அடைக்க வேண்டுமானால் முதலில் ஓட்டை வேண்டுமே.

அதற்குத்தான் காசிநாதன். சாயங்காலம் அவன் கரும்புக் காட்டிலிருந்து வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், "யோவ், வந்து ஒரு குத்து குத்திட்டுப் போ" என்று கூப்பிடுவாள். காசிநாதன் பூனை மாதிரி ஆள். எறும்பு ஊர்ந்தால்கூட ஊதித்தான் விடுவான். முதலில் அவன் குத்தினதில் போர்டில் சுருக்கம்கூட விழவில்லையாம். "கரும்பு வெட்ற கையா இது? இன்னா தடவிக்கினு இருக்கற?" என்று இவள் கத்தினாள். நாளாக ஆக அவனுக்கு ஒரு ருசி வந்துவிட்டது. மில் வாசலில் டிராக்டர் வரிசையில் எவனாவது திட்டியிருந்தால் அன்றைக்கு ஓட்டை பெரிசாக விழும். அதை அவள் அடைப்பாள். மறுநாள் அவன் வேறு இடத்தில் குத்துவான். பக்கத்து வீட்டுச் சாலம்மாள், தினமும் சாயந்திரம் சத்தம் கேட்கிறதே என்று பஞ்சாயத்து வைக்கவே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். வந்தவர்கள் பார்த்தால், குத்தினவன் கையில் வெள்ளை மாவோடு நிற்கிறான், பெண்டாட்டி சுவரைப் பார்த்து, "இது நல்ல ஓட்ட" என்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படித்தான் கற்றுக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான், ஆனால் எனக்கு விற்கத்தான் தெரியும்.

ஒருநாள் தீனதயாளன் கடையில் ஸ்க்ரூ வாங்கிக்கொண்டு நின்றபோது கலையரசி வந்தாள். "அண்ணே, எனக்குத் தகடு குடு" என்றாள். தகடு என்றால் பூச்சு இழுக்கிற பட்டித் தகடு. அதைப் பிடிக்கிறவன் மேஸ்திரி, பிடிக்காதவன் ஆள். பொம்பளை எத்தனை வருடம் போனாலும் சித்தாள்தான், தகடு கைக்கு வராது. எங்கள் பக்கத்துக் கட்டட வேலையில் அதுதான் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தீனதயாளன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் அந்த நினைப்புதான்.

"ஓஸ் பைப்புக்குத் தகடு இன்னாத்துக்கு?" என்று சிரித்தார்.

"ஓட்ட அடைக்க. எவன் ஓட்ட உட்டாலும் நான் அடைப்பேன். நீயே தடவிப் பாரு, தெரியாது."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். தீனதயாளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பூச்சைக் கையால் தடவியே குறை சொல்லக்கூடியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால், தலைமுடி அளவு மேடு இருந்தாலும் நின்றுவிடும் கை.

"கேட்டுக்க. நீ அடைச்ச ஓட்டைய என் கை தேடிக் கண்டுபிடிக்கலன்னா, அன்னிக்கே உன் கையில தகடு. மேஸ்திரின்னு என் வாயால கூப்பிட்றேன். கண்டுபிடிச்சிட்டேன்னா, அப்பறம் சட்டியத் தூக்கினு கம்முனு கெடக்கணும். தகடுன்ற பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றாள். யோசிக்கவே இல்லை.

எனக்குத்தான் பயம். இவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டாளே, தோற்றால் ஊரில் அவள் தலைகாட்ட முடியாதே என்று.

வாய்ப்பு கல்வராயன் மலையிலிருந்து வந்தது. என் அக்கா ஷர்புன்னிசாவின் மகள் சபா, பல் டாக்டர். டவுனில் கிளினிக் வைக்காமல் வெள்ளிமலையில் வைக்கப்போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மலையில் பல்வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கி வருகிறார்கள், அவர்களுக்காகத்தான் என்றாள். "இங்க இருக்கறவங்களுக்குப் பல்லு இல்லியா?" என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சபா கேட்கவில்லை. ஒரு பழைய கூடத்தை எடுத்தாள். வாசலிலிருந்து உள் அறை வரைக்கும் நீளமாக ஒரு ஜிப்சம் தடுப்பு. போட்டவர் தீனதயாளன்.

சந்தை நாளில் திறப்பு. முந்தின நாள் காலையில் சபா போன் செய்தாள். பல் பார்க்கிற நாற்காலியை ஆட்கள் இறக்கி உள்ளே கொண்டுவரும்போது, அதன் கை சுவரில் இடித்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. தீனதயாளனுக்குப் போன் செய்தேன். அவரும் ஆட்களும் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டல் சீலிங்கில் இருந்தார்கள். நாளை மதியத்துக்கு மேல்தான் திறப்புக்கு வர முடியும், அதுவரைக்கும் ஒரு காலண்டரை மாட்டி மறைத்து வையுங்கள் என்றார். சபா அதைக் கேட்டுக் கத்தினாள்.

"மாமு, ஓட்டைய அடைக்கறதுதான் என் தொழிலே. என் செவுத்துலயே ஓட்டைய வெச்சிக்கினு எப்டி மாமு?"

நான் மறுபடி தீனதயாளனைக் கூப்பிட்டு, "கலையரசிய கூட்டினு போறேன்" என்றேன். அவர் சிரித்தார். "எந்த எடத்துல ஓட்டன்னு எனக்குச் சொல்லாதீங்க பாய். நாளைக்கு வந்து நானே தேடறேன்" என்றார்.

கலையரசி கடைக்கு வந்ததும் நான் வாளியை எடுத்து வைத்தேன். விலை ஜாஸ்தி, குழைக்க வேண்டியதில்லை, நல்ல சரக்கு. அவள் வாளியைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தாள். மலை இருக்கிற இடத்தில் மலையே தெரியவில்லை, ஒரே மேகம்.

"இத மட்டும் எடுத்துனு போனா நாளைக்கும் காயாது, நாளன்னிக்கும் காயாது. தூளு குடு பாய். உள்ளுக்குத் தூளு, மேலுக்கு வாளி. ரெண்டும் வேணும். காகித டேப்பு ஒன்னு. வலை டேப்பு வாணாம்."

எடுத்துக் கொடுத்தேன். கிளினிக் சுவருக்கு அடித்ததில் மீதி இருந்த பெயிண்ட் டப்பாவையும், கடையிலிருந்து ஒரு தகட்டையும் போட்டுக்கொண்டோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே வண்டிக் கண்ணாடியில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கலையரசி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஓட்டையைப் பார்த்ததும்தான் முகம் தெளிந்தது. "இன்னா, இதானா? எங்க வூட்டுக்காரு இத விடப் பெருசா குத்துவாரு" என்றாள். முதலில் அவள் செய்தது, அந்த ஓட்டையை இன்னும் பெரிதாக்கினதுதான். கந்தலாக இருந்த ஓரத்தையெல்லாம் கத்தியால் கீறி, கணக்காக ஒரு சதுரம் வெட்டினாள். திறப்புக்காக முன்பே வந்திருந்த அக்கா ஷர்புன்னிசா மார்பில் கையை வைத்துக்கொண்டாள். சபா மட்டும் கிட்டே வந்து குனிந்து பார்த்து, "நாங்களும் இப்டித்தான்க்கா. சொத்தைய சுத்தமா எடுத்துட்டுத்தான் அடைப்போம்" என்றாள். கலையரசிக்கு அது பிடித்துப்போனது. அதற்கப்புறம் சபாவிடம் மட்டும் மரியாதையாகப் பேசினாள்.

சதுரத்துக்குள் கையை விட்டு, பின்னால் இரண்டு மரச் சட்டம் வைத்து ஸ்க்ரூவால் இறுக்கினாள். அதன்மேல் அளவாக வெட்டிய போர்டுத் துண்டைப் பொருத்தினாள். ஓரங்களைக் கத்தியால் சாய்வாகச் சீவினாள். பிறகு தூள் குழைக்க வேண்டும். சும்மா நிற்கிறேனே என்று நான் ஒரு சட்டியை எடுத்துக் குழைத்தேன். அது ஏற்கெனவே யாரோ குழைத்துக் காய்ந்திருந்த சட்டி. நான் தகட்டைத் தேடி எடுப்பதற்குள் சட்டியிலேயே கல்லாகிவிட்டது.

"யார் உன்ன தொடச் சொன்னது?" என்று விட்டாளே ஒரு சத்தம். "பழைய தூளு ஒரு சிட்டிக இருந்தாலும் புதுசையும் இழுத்துக்கினு பூடும். பெயிண்டு கட வெச்சிக்கினு இருக்கற, இது தெரியாது? போ, அப்டி போய் உக்காரு பாய்!"

அக்கா முன்னால், மருமகள் முன்னால் இந்தத் திட்டு. நான் போய் உட்கார்ந்துகொண்டேன். புதுசாகக் கழுவின சட்டியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் தூளைத் தூவி, கொஞ்சம் ஊறவிட்டுக் குழைத்தாள். ஓரத்து இடுக்கில் அழுத்தி நிரப்பினாள். காகித டேப்பை நனைத்து வைத்து, அடியில் காற்று நிற்காமல் தகட்டால் இழுத்தாள். அறை புழுக்கமாக இருக்கிறதே என்று நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அதற்கும் திட்டு விழுந்தது. "பனிய உள்ள கூப்பிட்றியா? சாத்து பாய்!" ஆனால் அந்தப் பனியிலும், டீ குடித்து முடிப்பதற்குள் தூள் இறுகிவிட்டது. நகத்தால் கீறிக் காட்டினாள், கீறல் விழவில்லை. அதன்மேல் இன்னொரு கை தூள், முன்னதைவிட அகலமாக. அதுவும் இறுகினது. கடைசியில்தான் வாளியைத் திறந்தாள். தோசையை முறுகலாக இழுக்கிற மாதிரி மெல்லிசாக, ஓட்டை இருந்த இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் வெகுதூரம் இழுத்துக்கொண்டே போனாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, எல்லோரையும் வெளியே துரத்திக் கதவைச் சாத்தினாள்.

அன்றிரவு மலையிலேயே தங்கினோம். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது. இனி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நான் தாளை எடுத்து நீட்டினேன். கலையரசி வாங்கவில்லை. நாற்காலி, கருவி, மருந்து அலமாரி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. அந்த மாவுத் தூசி மூக்குத்தூள் மாதிரி, பறந்தால் எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. சபாவும் அதையேதான் நினைத்துக் கவலைப்பட்டாள்.

"தூசி பறக்காது பாப்பா" என்று கலையரசி சொன்னாள். "ஒரு குண்டான்ல தண்ணி குடு. ஸ்பாஞ்சு குடு."

தண்ணீர் என்றதும் ஜவுளிக்கடைத் தடுப்பு தொங்கினது கண்முன் வந்து நின்றது. நேற்று முழுக்கக் கஷ்டப்பட்டுச் செய்ததை இவளே கரைத்துவிடப் போகிறாளே என்று, வாசல் பக்கம் வந்து தீனதயாளனுக்கு வீடியோ கால் போட்டேன். போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவருக்கு வெள்ளைச் சுவரும் அவள் கையும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"பாய், அது இன்னா கையில? தண்ணியா? ஏய் ஓஸ் பைப்பு! கைய எடுறீ! பாய், அவள புடிங்க பாய்!"

கலையரசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி எவ்ளோ காட்டணும்னு எனக்குச் சொல்றியா நீ?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. ஸ்பாஞ்சை நனைத்து, ஒரு சொட்டும் விழாத வரைக்கும் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள். பிறகு மேடு இருந்த ஓரங்களில் மட்டும் வட்டமாக ஓட்டினாள். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி அவ்வளவுதான் அழுத்தம். காய்ந்தால் இறுகுகிற வாளிச் சரக்கு, ஈரம் பட்டதும் இளகிக் கொடுத்தது. அடியில் இருந்த தூள் பூச்சு அசையவே இல்லை. ஒரு தூசி பறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எதற்காக உள்ளுக்கு ஒன்று மேலுக்கு ஒன்று என்று கேட்டாள் என்று. நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஈரம் உலர்ந்ததும் பிரைமர், அது உலர்ந்ததும் பெயிண்ட். சுவர் முழுக்க ஒரே கையாக அடித்தாள்.

மதியம் பனி விலகி வெயில் வந்தது. சந்தைக்கு வந்த ஜனமெல்லாம் சாமைப் பையும் பலாப்பழமுமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சபா எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். பல் டாக்டர் லட்டு கொடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அப்பத்தானே வருவீங்க" என்றாள். தீனதயாளன் வந்து சேர்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சுவரின்மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பூச்சில் சின்னத் தப்பு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கிற வெயில் அது. கலையரசி சுவருக்கு எதிரே நின்று, முந்தானை முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டார். வாசல் கோடியிலிருந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்து நடந்தார். உள் அறை வரைக்கும் போனார். திரும்பி வந்தார். கை உயரத்தை மாற்றி மறுபடி போனார். ஓட்டை இருந்த இடத்துக்கு மேலேயே அவர் கை போனபோது அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். கை நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. பிறகு போனில் டார்ச் போட்டுப் பார்த்தார். கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார். சந்தை ஜனம் இவர் என்னவோ வைத்தியம் பார்க்கிறார் என்று நினைத்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்டது.

கடைசியில் ஓரிடத்தில் கை நின்றது. மறுபடி தடவினார். முகம் மலர்ந்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு வட்டம் போட்டார்.

"இதான். லேசா மேடு நிக்குது. நல்லாத்தான் பண்ணிக்கிற கலை, ஆனா என் கைய ஏமாத்த முடியாது."

கலையரசி அந்த வட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், மலையே திரும்பிச் சிரித்திருக்கும்.

"அண்ணே! அது என் ஓட்ட இல்ல. அது உன் ஜாயிண்டு!"

சபா தன் போனை எடுத்து முந்தின நாள் பிடித்த படத்தைக் காட்டினாள். ஓட்டை இருந்தது ஜன்னலுக்கு நேர். தீனதயாளன் வட்டம் போட்டது வாசலுக்குப் பக்கத்தில், அவருடைய ஆட்கள் போர்டும் போர்டும் சேர்கிற இடத்தில் போட்ட பூச்சு. அவர் படத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றார். இடம் தெரிந்த பிறகும் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தானும் சிரிக்க ஆரம்பித்தார். மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெளியே போய்க் காரிலிருந்து தன்னுடைய தகட்டை எடுத்து வந்தார். மரப்பிடி வழுவழுவென்று தேய்ந்த தகடு. "இந்தாங்க மேஸ்திரி" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. கலையரசிக்கு அதுவரைக்கும் இருந்த வாயெல்லாம் போய்விட்டது. இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். நான் அதை மறைக்கவில்லை. அக்கா அவள் வாயில் ஒரு லட்டைத் திணித்தாள்.

அழுகை அவளுக்கு அதிக நேரம் நிற்கவில்லை. லட்டை விழுங்கினதும் வாளியைத் திறந்தாள். "தள்ளிக்க அண்ணே, உன் மேட்ட சரி பண்ணிட்றேன்" என்று, அவர் போட்ட பென்சில் வட்டத்தின்மேலேயே அவருடைய தகட்டை வைத்து இழுத்தாள். தீனதயாளன் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மலை இறங்கும்போது வண்டியில் தகடு அவள் மடியில் இருந்தது. சிக்னல் கிடைத்ததும் காசிநாதனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

"யோவ், நான் மேஸ்திரி ஆயிட்டேன். இனிமே சாயங்காலத்துல நீ குத்த வாணாம்."

காசிநாதன், எறும்பைக்கூட ஊதி விடுகிற அந்தக் காசிநாதன், குரல் இறங்கிக் கேட்டான்.

"ஒன்னே ஒன்னு, இன்னிக்கு மட்டும், சந்தோசத்துல குத்திக்கட்டுமாடி?"

"குத்திக்க. பெருசா குத்து. வந்து அடைக்கறேன்" என்றாள் மேஸ்திரி.